கணக்கெடுப்பில் திருநங்கைகளும் திருநம்பிகளும்: பதில் சொல்வது யார்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண் 1, பெண் 2 என்பதோடு 'மற்றவர்' 3 என்ற குறியீடு முதன்முதலில் சேர்ந்தது 2011இல்தான். நாடு முழுவதும் அப்படிப் பதிவானவர்கள் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364. கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி தருவது என் தொழில். இந்த எண்கள் மிகவும் குறைவு என்பதே என் கருத்து.

அந்தத் தேசிய எண்ணிக்கையில் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளே 54,854 பேர். அந்தக் குழந்தைகளா பதில் சொல்லியிருப்பார்கள்? குடும்பத் தலைவரோ, அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பெரியவரோதான் எல்லோருக்குமாகச் சொல்கிறார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பிள்ளை திருநங்கை என்று தெரிந்தாலும், பக்கத்து வீட்டார் வாசலில் நிற்கும்போது அப்பா "ஆண்"னுதான் சொல்வார். வீட்டை விட்டு அனுப்பிவிட்ட பிள்ளை என்றால் பெயரே வராது. பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் பாடு இன்னும் மோசம். பெரும்பாலும் "கல்யாணமாகாத பெண்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

திருநங்கைகள் சேர்ந்து வாழும் வீட்டில் வேறு சங்கடம். மூத்தவர் அம்மா, இளையவர்கள் தத்தெடுத்த மகள்கள். பல வருடமாக ஒரே அடுப்பு, ஒரே வாடகை. அவர்கள் "மகள்" என்று சொன்னால் உறவுமுறைக் கட்டத்தில் மகள் என்றே எழுதுங்கள் என்று பயிற்சியில் அழுத்திச் சொல்வேன். "உறவில்லாதவர்" என்று எழுதினால் அந்தக் குடும்பமே தாளில் காணாமல் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? பெரியவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் பதிலை அவரவரே தர வேண்டும். கேள்விகள் இரண்டாக இருக்கட்டும்: பிறந்தபோது எழுதப்பட்ட பால் எது, இப்போது உங்கள் பாலினம் எது. கனடா 2021இல் இப்படித்தான் கேட்டது. அதே ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் பாலினத்தை நேரடியாகக் கேட்காமல், 'உங்கள் பாலினமும் பிறந்தபோது பதிவான பாலும் ஒன்றுதானா' என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். ஆங்கிலம் சரளமில்லாத சிலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று அங்குள்ள புள்ளியியல் அலுவலகமே பின்னர் ஒப்புக்கொண்டது.

கூடவே, குரலையும் உடையையும் பார்த்து ஊகித்து நிரப்பவே கூடாது. வாசலில் நின்று உரக்கக் கேட்பதும் கூடாது. பதில்களை அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து, எண்ணை மட்டும் சுட்டிக்காட்டச் சொன்னால் போதும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

2027 கணக்கெடுப்பில் இணையத்தில் தாமே பதியும் வசதி உண்டு. ஆனால் வீட்டுக்கு ஒருவர்தான் நிரப்புவார். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், பாலினக் கேள்வி வந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னபடியே பதியுங்கள்.