பொந்து விழுந்த மரம் விழுமா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு குல்மொஹர் வேரோடு பெயர்ந்து மதில்மேல் கிடந்தது. அடியிலிருந்து உச்சிவரை ஒரு குறை சொல்ல முடியாத மரம் அது. அதற்கு நேர் எதிர்வீட்டில், ஆள் கை நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த பழைய வேம்பு இரண்டு கிளைகளை மட்டும் பறிகொடுத்துவிட்டு நின்றது. பொந்தில் குடியிருந்த கிளிகள்கூடத் திரும்பி வந்துவிட்டன.

அந்த வாரமே எதிர்வீட்டு மாமி கேட்டார்: "நல்ல மரமே சாஞ்சுடுத்து. இதுல பொந்து வேற இருக்கு. வெட்டிடலாமா?"

நியாயமான பயம்தான். ஆனால் மரம் விழுவதற்கும் பொந்துக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவு இல்லை. ஏன் என்று புரிய மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, சாரம் கட்ட அதைத்தான் நம்புகிறோம். காற்றில் ஒரு தண்டு வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அமுங்குகிறது. இரண்டும் உச்சத்தில் இருப்பது வெளிவிளிம்பில். நடுமரத்துக்கு வேலை ரொம்பக் குறைவு.

கணக்காகவே பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடிமரம். அதன் நடுவில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பொந்து இருந்தால், வளைவைத் தாங்கும் திறனில் இழப்பு சுமார் 6 சதவீதம்தான். பொந்து 42 சென்டிமீட்டராகி, சுற்றிலும் 9 சென்டிமீட்டர் நல்ல மரம் மிச்சமிருந்தால் 24 சதவீதம் போகும். 54 சென்டிமீட்டராகி, 3 சென்டிமீட்டர் சுவர் மட்டும் மிஞ்சினால் ஒரே தாவலில் 66 சதவீதம் போய்விடும். இழப்பு நான்காம் அடுக்கில் ஏறுவதால்தான் இப்படி: பொந்தின் அகலம் இரண்டு மடங்கானால் இழப்பு பதினாறு மடங்கு. ஆகவே கேட்க வேண்டியது பொந்து இருக்கிறதா என்பதை அல்ல, சுவர் எவ்வளவு மிச்சம் என்பதை. ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மத்தெக் விழுந்த மரங்களையும் நிற்கும் மரங்களையும் ஒப்பிட்டு, ஆரத்தில் 30 சதவீதத்துக்கும் கீழே சுவர் மெலிந்தால் எச்சரிக்கை என்று ஒரு கோடு போட்டார். மேலே சொன்ன 9 சென்டிமீட்டர் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. இந்த விதி எல்லா மரத்துக்கும் பொருந்தாது என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. அதிலும் பொந்து ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தால் கணக்கே வேறு. நீளவாக்கில் கீறிய குழாயைத் திருகிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சரி, நடுவில் அழுகிய மரம் எப்படிப் பச்சையாக இருக்கிறது? மரத்தில் உயிரோட்டம் உள்ள பகுதி பட்டையை ஒட்டிய வெளிப்புறம். வைரம் பாய்ந்த நடுப்பகுதி பெரும்பாலும் செத்த திசு. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தார்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவைக்கிறது. அழுகல் உள்ளேயே சிறைப்பட, வெளியே ஆண்டுக்கு ஆண்டு புது மரம் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் கொட்டி அடைக்கும் பழைய வைத்தியத்தை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. சுரண்டும்போது மரம் கட்டிய சுவரையே உடைத்துவிடுகிறோம். தென்னை, பனைக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றின் தண்டு ஆண்டுதோறும் வளையம் போட்டுப் பருப்பதில்லை. தண்டில் பட்ட வெட்டு கடைசிவரை அப்படியே இருக்கும்.

மரத்தை மதிப்பிட வருகிற மர வல்லுநர் முதலில் கருவி எதையும் எடுப்பதில்லை. தூர நின்று பார்ப்பார். மரம் சாய்ந்திருக்கிறதா, சாய்ந்தபின் நுனி நிமிர்ந்து வளர்ந்திருக்கிறதா என்பது முக்கியம். அடி சாய்ந்து மேலே வளைந்து நிமிர்ந்திருந்தால் பல வருஷமாக அப்படியே இருந்து பழகிய மரம். அடிமுதல் நுனிவரை நேர்க்கோட்டில் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தால் அது அண்மையில் அசைந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் தாமதமே கூடாது. பிறகு கவையைப் பார்ப்பார். இரண்டு தண்டுகள் குறுகிய கோணத்தில் பிரிந்து, நடுவில் பட்டை சிக்கிக்கொண்டிருந்தால் அங்கே மரத்தோடு மரம் ஒட்டவே இல்லை. அடியில் காளான் தட்டுத் தட்டாக முளைத்திருந்தால் வேர்ப்பக்கம் அழுகல் இருக்கலாம். தஞ்சாவூர் வாடல் நோயால் தென்னையை இழந்தவர்களுக்குக் கனோடெர்மா என்ற இந்தக் காளானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அப்புறம் சுத்தியல். சுற்றித் தட்டிக்கொண்டே வரும்போது 'டொக்' என்ற கெட்டிச் சத்தம் 'டொம்' என்று மாறும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுவார். சந்தேகம் தீராவிட்டால்தான் கருவி. ஒன்று, 3 மில்லிமீட்டர் முனை கொண்ட மெல்லிய ஊசியைத் துளைத்துச் செலுத்தி, வழியில் எவ்வளவு எதிர்ப்பு என்று வரைபடமாகக் காட்டும். அழுகிய இடத்தில் கோடு பொத்தென்று விழும். இன்னொன்று, அடிமரத்தைச் சுற்றி உணரிகளைக் கட்டி, ஒன்றைத் தட்டினால் மற்றவற்றுக்குச் சத்தம் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று அளக்கும். பொந்து குறுக்கே இருந்தால் சத்தம் சுற்றிப் போக வேண்டும், தாமதமாகும். அந்தத் தாமதங்களை வைத்து உள்ளே வெட்டிப் பார்த்ததுபோல ஒரு வண்ணப்படம் கிடைக்கும்.

இரண்டும் தண்டைத்தான் பார்க்கும். எங்கள் தெருக் குல்மொஹருக்கு இரண்டையும் வைத்திருந்தாலும் நல்ல சான்றிதழ் கிடைத்திருக்கும். அதன் பிரச்சினை மண்ணுக்குள் இருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் அதன் தெருப்பக்கம் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

மரத்தின் வேர் அதன் உயரத்துக்குச் சமமாகக் கீழே இறங்குகிறது என்ற எண்ணம் நமக்கெல்லாம் உண்டு. உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஒரு மீட்டருக்குள், பக்கவாட்டில் ஓடுகின்றன. பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலை, ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் குறுக்களவு எவ்வளவோ அதைப்போல் 12 மடங்கு ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, கட்டட வேலையின்போது அதற்குள் தோண்டாதே என்கிறது. அரை மீட்டர் தண்டுக்கு 6 மீட்டர் ஆரம். பரப்பு சுமார் 1,217 சதுர அடி. நம் அரை கிரவுண்டு மனை 1,200 சதுர அடி! நகரத்து மரம் எவ்வளவு நெருக்கடியில் நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இதனால்தான் வீடு கட்ட நினைப்பவர்கள் பிளான் போடும் முன்பே மனையில் உள்ள மரம் பற்றி வல்லுநரிடம் அறிக்கை வாங்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டியபின் வாங்கும் அறிக்கை கிட்டத்தட்ட பிரேதப் பரிசோதனை.

வீட்டுச் சுவரில் விரிசல் கண்டதும் மரத்தின்மேல் பழி போடுவது இன்னொரு வழக்கம். வேர் அஸ்திவாரத்தை முட்டி உடைப்பது அபூர்வம். களிமண் நிலத்தில் அது வேறு வேலை செய்கிறது: தண்ணீரை உறிஞ்சுகிறது, மண் சுருங்குகிறது, ஒரு மூலை இறங்குகிறது. அவசரப்பட்டு மரத்தை வெட்டினால் அந்த மண் மறுபடி நீர் குடித்து உப்பி, வீட்டை மேலே தூக்கவும் கூடும். இந்த மாதிரி விஷயத்தில் மண் பொறியாளரும் மர வல்லுநரும் சேர்ந்து பார்க்காமல் கோடாலியை எடுக்கக் கூடாது என்பேன். மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றுக்கு அறிக்கை கேட்காதீர்கள். அதைப் பிடுங்கினால் போதும்.

சட்டமும் சில இடங்களில் கேட்கும். தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிலத்துக்கும் பொருந்தும். மரம் ஆபத்தானது என்று விண்ணப்பிக்கும்போது, ஏன் என்பதற்கு எழுத்தில் ஒரு காரணம் இருந்தால் நல்லது. பக்கத்து வீட்டாரோடு தகராறு என்றாலும் அப்படித்தான்.

யாரைக் கூப்பிடுவது? நம்மூரில் இந்தத் தொழில் இன்னும் சின்னது. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: மரம் வெட்டிக் கூலி வாங்குகிறவரிடமே வெட்டலாமா என்று கேட்காதீர்கள். முடிதிருத்துபவரிடம் முடி வெட்டலாமா என்று கேட்பது போலத்தான். அதோடு, 'பாதுகாப்புக்கு' என்று மேலே மொட்டை அடிக்கச் சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். முருங்கையை ஒடித்து வளர் என்ற பழமொழி முருங்கையோடு சரி. மொட்டையடித்த வேம்பிலோ தூங்குமூஞ்சியிலோ துளிர்க்கும் புதுக்கிளைகள் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பருத்தபின் வரும் புயலில் முதலில் முறிவது அவைதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமி கடைசியில் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் சுத்தியலால் தட்டி, ஊசி விட்டு, மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். சுவர் போதுமானது, வேர் நன்றாக இருக்கிறது, மரம் இருக்கட்டும். தெருப்பக்கக் கிளை ஒன்றின் நுனிப்பாரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு வருஷத்தில், அல்லது அடுத்த பெரும்புயலுக்குப்பின், மறுபடி பார்க்க வேண்டும். நான்காவது வரி மரத்தைப் பற்றியதே இல்லை: காரை அந்தக் கிளைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். விழும் இடத்தில் ஆளோ பொருளோ இல்லாவிட்டால் விழுகிற கிளையால் ஆபத்தும் இல்லை என்று விளக்கினாராம்.

காரை அன்றைக்கே மாற்றி நிறுத்தினார் மாமி. கிளை கழிக்கும் வேலையைக் கிளிகள் குஞ்சு பொரித்துப் பறந்தபிறகு வைத்துக்கொண்டார்.