"டவுன்லோட் மட்டும்தான் செய்தேன்" என்ற வாதம் ஏன் எடுபடுவதில்லை

பதிப்புரிமை நோட்டீஸ் கைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான்: "நான் யாருக்கும் எதையும் கொடுக்கலைங்க, டவுன்லோட் மட்டும்தான் பண்ணேன்." அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் பயனர்களின் கணினிகளே கோப்பின் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டோரண்ட் முறையில், டவுன்லோட் மட்டும் என்று ஒன்று கிடையாது. வருகிற நோட்டீஸும் பெரும்பாலும் அப்லோடுக்காகத்தான் வருகிறது.

1 ஜி.பி. அளவுள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். டோரண்டை உருவாக்கியவர் துண்டின் அளவை 1 எம்.பி. என்று வைத்திருந்தால், அது 1,024 துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டையும் உங்கள் மென்பொருள் 16 கே.பி. அளவுள்ள 64 பொட்டலங்களாகக் கேட்டு வாங்கும். ஒரு துண்டு முழுதாக வந்ததும் அதன் ஹேஷை, அதாவது கைரேகை போன்ற அடையாளக் குறியீட்டைக் கணக்கிட்டு, டோரண்ட் கோப்பில் பதிந்திருக்கும் ஹேஷோடு ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால், இணைப்பில் இருக்கும் மற்ற கணினிகளுக்கெல்லாம் "இந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது" என்று உடனே தகவல் போகும். கேட்பவருக்குக் கொடுக்கவும் தொடங்கிவிடும். திரையில் 0.1 சதவீதம் என்று காட்டும் அந்தக் கட்டத்திலேயே நீங்கள் விநியோகிப்பவர் ஆகிவிட்டீர்கள்.

இது தற்செயலாக நடப்பதில்லை. 2001-ல் பிராம் கோஹன் பிட்டோரண்டை வடிவமைத்ததே "கொடுத்தால் கிடைக்கும்" என்ற கணக்கில்தான். அவருடைய மூல வடிவமைப்பில், யார் தனக்கு வேகமாகக் கொடுக்கிறார்கள் என்று மென்பொருள் 10 நொடிக்கு ஒருமுறை பார்த்து, அவர்களுக்கே முன்னுரிமை தரும். 30 நொடிக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருக்கும் வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும். உங்கள் ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளக் காத்திருக்கும் கண்காணிப்பு நிறுவனமும் அந்த முன்பின் தெரியாதவர்களில் ஒருவராக இருக்கலாம்.

"அப்லோடைப் பூஜ்யமாக்கிவிட்டேன்" என்று சிலர் சொல்வார்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல டோரண்ட் மென்பொருள்களில் அப்லோட் வேக வரம்பில் 0 என்று இட்டால் 'வரம்பே இல்லை' என்று பொருள். அதனால் கதவை மூடப் போனவர் அகலத் திறந்துவிட்டு வந்திருப்பார். நொடிக்கு 1 கே.பி. என்று குறைத்தாலும் விநியோகம் விநியோகம்தான். இன்னொரு பொறி, ஜன்னலை மூடியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. திரையின் மூலையில் சின்னக் குறியாகச் சுருங்கி மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். கணினியைத் தொடங்கும்போதெல்லாம் தானாகத் தொடங்கும்படி அமைந்திருந்தால், என்றோ பார்த்து மறந்த படத்தை இன்றும் பகிர்ந்துகொண்டிருக்கும். நேரடியாக ஓடுவதுபோல் தோன்றும் சில இலவசப் படச் செயலிகளுக்கு உள்ளேயும் டோரண்ட்தான் இருக்கிறது. அவற்றில் பதிவிறக்கப் பட்டியல் கண்ணில் படாது, பகிர்வு மட்டும் நடக்கும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1996-ல் கையெழுத்தான உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பதிப்புரிமை ஒப்பந்தம், ஒரு படைப்பைப் பொதுமக்கள் தாங்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் பெறும்படி வைக்கும் உரிமையைப் படைப்பாளிக்கே தருகிறது. அதில் சேர்ந்த நாடுகள் தத்தம் சட்டங்களில் இந்த உரிமையைக் கொண்டுவந்திருக்கின்றன. "என்னிடமிருந்து போனது சின்னத் துண்டு, தனியாக அது ஓடக்கூட ஓடாது" என்ற வாதத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் மிர்காம் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. துண்டு தனியாகப் பயன்படாது என்பதோ, எவ்வளவு போனது என்பதோ பொருட்டல்ல. மென்பொருளின் தன்மையை அறிந்து, சம்மதித்து நிறுவியிருந்தால், "அது தானாக அனுப்பியது" என்பதும் காப்பாற்றாது.

"காசு வாங்கவில்லையே" என்பது அடுத்த வாதம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இது குற்ற வழக்கில் எடுபட்டது. மென்பொருள்களை இலவசமாகப் பகிர வழிசெய்த ஒரு மாணவர் மீதான வழக்கு 1994-ல் இந்தக் காரணத்தால் தள்ளுபடியானது. அந்த ஓட்டையை அடைக்கவே 1997-ல் புதுச் சட்டம் வந்தது. 180 நாளுக்குள் 1,000 டாலருக்கு மேல் சில்லறை மதிப்புள்ள பிரதிகளை வேண்டுமென்றே பகிர்ந்தால், லாபம் இல்லாவிட்டாலும் குற்றம். இந்தியாவில் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குறைக்கத்தான், குற்றமே இல்லை என்று சொல்ல அல்ல. இந்தப் பிரிவின் கீழ் வரும் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது.

உரிமையியல் வழக்கில் தொகை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு. கஸா என்ற பகிர்வு மென்பொருளைப் பயன்படுத்திய ஒரு அமெரிக்கப் பெண் மீதான வழக்கில் பேச்சுக்கு வந்தவை வெறும் 24 பாடல்கள். மூன்று ஜூரி விசாரணைகளுக்குப் பிறகு, 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்ணயித்தது 2,22,000 டாலர். பாடலுக்கு 9,250.

கோப்பைத் தொடாமல் இணைப்பை மட்டும் பகிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டோரண்டைத் தொடங்க உதவும் மேக்னட் இணைப்பு என்பது பெரும்பாலும் 40 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு ஹேஷ், அவ்வளவுதான்; அதில் படம் இல்லை, பாட்டு இல்லை. டோரண்டுகளைத் தேடித் தரும் பைரேட் பே தளத்தை நடத்தியவர்களும் இதையேதான் சொன்னார்கள். 2009 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் நால்வருக்கும் தலா ஓராண்டு சிறை விதித்தது; மேல்முறையீட்டில் மூவரின் தண்டனைக் காலம் குறைந்தது, இழப்பீட்டுத் தொகை கூடியது. அதற்கு முன்பே 2005-ல் குரோக்ஸ்டர் என்ற பகிர்வு மென்பொருள் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு ஒரு கருவியைப் பரப்புபவரும் பொறுப்பாளியே என்றது. குழுவில் இணைப்புகளை வரிசையாகப் போடும் நிர்வாகிகள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது. பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் காரியம். அதைச் செய்யவே கூடாது. வழக்கு வரும் என்று தெரிந்தபின் அழிப்பது, மீறலைவிடப் பெரிய தலைவலியாக முடியலாம். பகிர்வை உடனே நிறுத்துங்கள், ஆனால் கணினியில் இருப்பதை அப்படியே வைத்திருங்கள்.

அடுத்து நோட்டீஸை வரி வரியாகப் படியுங்கள். ஒழுங்கான நோட்டீஸில் ஐ.பி. முகவரி, போர்ட் எண் (ஒரே முகவரியில் எந்த இணைப்பு என்று காட்டும் எண்), நேரம், கோப்பின் பெயர், ஹேஷ் ஆகியவை இருக்கும். நேரம் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், உங்கள் நேரத்துக்கு மாற்றினால் தேதியே மாறக்கூடும். போர்ட் எண் ஏன் முக்கியம் என்றால், பல இணையச் சேவை நிறுவனங்கள், குறிப்பாக மொபைல் இணைப்புகளில், ஒரே பொது ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல், அதில் யார் நீங்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் பழி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ரவுட்டரின் பதிவுகளைப் படம் பிடித்துச் சேமித்த பிறகே அதை அணைத்துப் போடுங்கள். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அணைத்ததும் அந்தப் பதிவுகள் அழிந்துவிடும்.

கண்காணிப்பு எல்லாம் துல்லியம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதையும் டவுன்லோட் செய்யவே முடியாத பிரின்டர்களின் ஐ.பி. முகவரிக்குப் பதிப்புரிமைப் புகார்களை வரவழைத்துக் காட்டினார்கள். யார் யார் பகிர்கிறார்கள் என்று குறித்துவைக்கும் சர்வரான டிராக்கரின் பட்டியலில் முகவரி இருந்ததே புகாருக்குப் போதுமானதாக இருந்தது. அதனால் எதிர்த் தரப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி, "என் முகவரியிலிருந்து உண்மையாகவே துண்டுகளைப் பெற்றுச் சரிபார்த்தீர்களா, பட்டியலை மட்டும் பார்த்தீர்களா?" என்பது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே மீறியவர் என்றும் ஆகிவிடாது. பலர் பயன்படுத்திய ஒரு பராமரிப்பு இல்லத்தின் இணைப்பு தொடர்பான வழக்கில், சந்தாதாரர் என்ற ஒரே காரணம் போதாது என்று அமெரிக்காவின் 9-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் சொன்னது.

பணம் கேட்டு வந்திருக்கும் கடிதம் என்றால், அதில் உள்ள இணைப்பைச் சொடுக்காதீர்கள். இந்தப் பெயரில் மோசடி மின்னஞ்சல்களும் சுற்றுகின்றன. அனுப்பிய வழக்கறிஞர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து உறுதிசெய்யுங்கள். உண்மையான கடிதம்தான் என்றால் கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேசாமல் இருப்பது பதிலாகாது. ஜெர்மனியில் இத்தகைய கடிதத்தோடு "இனிச் செய்யமாட்டேன், செய்தால் இவ்வளவு கட்டுவேன்" என்ற உறுதிமொழிப் படிவமும் சேர்ந்தே வரும். அது ஓர் ஒப்பந்தம். பல ஆண்டுகள் கழித்து வீட்டில் வேறொருவர் செய்த தவறுக்கும் அதைக் காட்டித் தொகை கேட்க வழியிருக்கும். அனுப்பியவர் எழுதிய வாசகத்தில் அப்படியே கையெழுத்திடாமல், உங்கள் வழக்கறிஞர் திருத்தி எழுதிய வாசகத்தையே கொடுங்கள். கோப்பைப் பகிர்ந்தது நீங்களா, வீட்டில் வேறொருவரா என்பதையும் உங்கள் வழக்கறிஞரிடம் பேசி முடிக்கும்வரை எதிர்த் தரப்புக்கு எழுத்திலோ தொலைபேசியிலோ சொல்ல வேண்டாம்.