ஈரத் தொட்டியில் தாகம்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா படத்தோடு கேட்டிருந்தார்: "மதுரையில் வாங்கின ஆர்க்கிட். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், இலை சுருங்கிக்கொண்டே போகிறது. இன்னும் கூடுதலாக ஊற்றட்டுமா?"

வேண்டவே வேண்டாம். படத்தில் என் கண்ணில் முதலில் பட்டது தொட்டி விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு. என்ன தண்ணீர் என்று கேட்டேன். "போர் தண்ணிதான். நல்ல தண்ணிதான் குடம் காசு குடுத்து வாங்குறோமே!"

காலை வெயில் படலாம், உச்சி வெயில் ஆகாது என்பதெல்லாம் பல செடிகளுக்கும் சொல்வதுதான். ஆர்க்கிட்டின் சூட்சுமம் வேரில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பாலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா எல்லாம் பெரும்பாலும் காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழ்ந்த இனங்களின் வாரிசுகள். மழை பெய்யும் கொஞ்ச நேரத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே வேரைச் சுற்றி வெலாமன் என்று ஒரு உறை. வளர்ந்து முடிந்ததும் அதன் செல்கள் தாமாகவே செத்துவிடுகின்றன. சுவர் மட்டும் மிஞ்சும், உள்ளே காற்று. செத்துப்போன பிறகுதான் இந்தச் செல்களுக்கு வேலையே தொடங்குகிறது!

காய்ந்த வேரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக இருந்த இடம் கண்முன்னே பச்சையாகும். உள்ளடுக்கில் பச்சையம் எப்போதும் இருக்கிறது. செல்களில் அடைந்த காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைகிறது, வெளிச்சம் உள்ளே போய்ப் பச்சையைக் காட்டுகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுபவரின் வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்டித் தோல் நிறம் தெரியுமே, அதே கதை.

உறைக்கு அடியில் ஒரு காவல் அடுக்கு. அதில் முக்கால்வாசி செல்கள் தடித்த சுவரோடு அடைந்து கிடக்க, இடையிடையே சில மட்டும் வாசலாகத் திறந்திருக்கும். பஞ்சு போன்ற உறை பிடித்த தண்ணீர் அந்த வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போகும். மிச்சம் ஆவியாகும்.

வினை அங்கேதான். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதை இந்த வேர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வேருக்கு வெளியே உப்பு ஏற ஏற, சவ்வூடு பரவல்படி தண்ணீர் உள்ளே போவது குறையும். முற்றினால் உள்ளிருப்பதும் வெளியே வரும். கருவாட்டுக்காக உப்புப் போட்ட மீனில் மறுநாள் தண்ணீர் விட்டிருக்குமே, நாம் ஊற்றாத தண்ணீர். அக்காவின் செடிக்கும் அதுதான் நடந்திருக்கிறது. போதாததற்குத் தினமும் நனைவதால் வேர் மூச்சு முட்டி அழுகவும் செய்கிறது.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரம். நாம் தாங்குவோம், ஆர்க்கிட்டுக்கு 500-ஏ அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். இல்லையென்றால் காவிரித் தண்ணீரில் ஒரு சொம்பு போதும், அதுவும் வேர் மறுபடி வெள்ளையான பிறகு. தேங்காய் மட்டைத் துண்டு போட்டால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கொட்டுங்கள். மட்டையிலேயே உப்பு உண்டு.

அப்புறம், பக்கத்து வீட்டு அப்பத்தா "புல்லுருவி வீட்டுக்கு ஆகாது" என்கிறாராம். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். ஆர்க்கிட் உட்கார இடம் மட்டும் கேட்கும். நம் சமவெளி மரங்களிலேயே வளரும் வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட்டைத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795-இல் சோழமண்டலக் கரைச் செடிகளோடு பதிவு செய்துவிட்டார். புல்லுருவியைத் தாயத்தில் அடைத்து விற்பவருக்கு நம் ஊரில் வருமானம் இருக்கிறது. இந்த உப்புக் காற்றை எந்த ஆர்க்கிட் தாங்கும் என்று பத்து வருடம் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன?

சரி, அக்கா: பிசைந்தால் கொழகொழக்கும் வேர்களை வெட்டிவிடுங்கள். மிச்சத்தை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, இன்னொரு முறையும் அப்படியே. இலை நிமிர மாதக்கணக்காகும். அதுவரை, புது வேர் நுனி பச்சையாக எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள்.