பூவை விடுங்கள், பூவின் அடியைப் பாருங்கள்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும், கொல்லை மணலில் யாரும் நடாத ஏதோ ஒன்று பூத்து நிற்கும். தோண்டினால் அடியில் வெங்காயம் மாதிரி குமிழ். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், பெரும்பாலும் நிறத்தை வைத்து. நிறம் இதில் பெரிதாகக் கைகொடுக்காது.

ஒரு பூவைக் காம்போடு பறித்து, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பின்னால் காயாகப் போகிற சின்னப் பச்சைப் புடைப்புதான் சூற்பை. இதழ்கள் அதன் தலையிலிருந்து கிளம்பினால் கீழ்மட்டச் சூற்பை. விஷமூங்கில், பங்கிராட்டியம், மழை லில்லி மூன்றும் இந்த வகை. புடைப்பு இதழ்களுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் மேல்மட்டச் சூற்பை. நரிவெங்காயம் அப்படி.

கீழ்மட்டக் கூட்டத்தைப் பிரிப்பது சுலபம். தண்டுக்கு ஒற்றைப் பூ என்றால் மழை லில்லி; அமெரிக்கக் கண்டத்திலிருந்து தோட்டச் செடியாக வந்தது. மகரந்தத் தாள்களின் அடிப்பகுதி ஒன்றாக இணைந்து வெள்ளைக் கிண்ணமாக நின்றால் பங்கிராட்டியம். கிண்ணம் இல்லாமல், ஒடுங்கிய வெள்ளை இதழ்களும் செவ்வூதா மகரந்தத் தாள்களும் கொத்தாக இருந்தால் விஷமூங்கில். அதன் காய் கடலில் மிதந்தே புதுக் கரை சேரும்.

ஆளைக் குழப்புவது நரிவெங்காயம்தான். வெறும் மணலில் ஈர்க்குச்சி நட்டது போல ஒரு தண்டு, அதில் இடைவெளி விட்டு மங்கிய பழுப்புப் பூக்கள். இலை ஒன்றுகூட இருக்காது. போன மழைக்காலத்தில் இலைகள் சமைத்துக் குமிழில் சேர்த்து வைத்த உணவில்தான் இந்தப் பூச்செலவு நடக்கிறது. அனல்காற்றில் இலை விரித்தால் நீர் வீணாகும். ஆகவே இலை மழையோடுதான் வரும். இலையும் பூவும் சேர்ந்த படம் கிடைக்காததால் படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலிகளும் திணறுகின்றன.

தோண்டும்போது எதிர்பார்த்ததைவிட ஆழத்தில் குமிழ் கிடக்கும். பல குமிழ்ச் செடிகளுக்குச் சுருங்கும் வேர்கள் உண்டு. மண்ணைப் பிடித்துக்கொண்டு அவை நீளம் குறையும்போது, குமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுபடும். மேல்மணல் கொதித்தாலும் அடியில் சூடு குறைவு. அந்த வேரின் தோல் வளையம் வளையமாகச் சுருங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

கடைசிச் சோதனை மூக்குக்கு. வெங்காயம் நசுங்கும்போது, செல்லுக்குள் தனித்தனியாக இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலந்து அந்த நெடி பிறக்கிறது. நரிவெங்காயத்தில் அது கிடையாது. அதில் இருப்பவை இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும் கிளைக்கோசைடுகள் என்ற நச்சுப் பொருட்கள். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் இதன் உறவுச் செடி ஒன்றின் சிவப்பு வகையை எலி மருந்தாகவே விற்றார்கள். நாய் தின்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்துவிடும். எலிக்கு வாந்தி எடுக்க வராது. குமிழின் சாற்றில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் உண்டு. வெறுங்கையால் அறுத்தால் அரிப்பெடுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.