டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிற வண்டிதானே, பிறகென்ன பயம்?

பயிற்சிக்கு வரும் பையன்களிடம் அவர்கள் பைக்கில் என்னென்ன மோடு இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். ரெயின், அர்பன், ஸ்போர்ட், டிராக் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். லாஞ்ச் கன்ட்ரோல், குயிக் ஷிஃப்டர் எல்லாம் அத்துப்படி. முன் டயரில் எவ்வளவு காற்று என்று கேட்டால்தான் முழிப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பல வருடங்களாக ரைடிங் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முழியைப் பார்க்காமல் ஒரு பயிற்சி நாளும் போவதில்லை.

டிராக்ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காதபடி எஞ்சின் பவரைக் குறைக்கும் ஏற்பாடு) போல ரேஸிலிருந்து இறங்கி வந்த தொழில்நுட்பம் என்றால் பாதுகாப்பு தானாகக் கூடிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

1980, 90களில் கிராண்ட் பிரி பந்தயங்களில் ஓடியவை 500 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் பவர் படிப்படியாக ஏறாது. எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) ஒரு அளவைத் தாண்டியதும் மொத்தமாக வந்து இறங்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது அப்படி வந்தால் பின் சக்கரம் வெளிப்பக்கமாக வழுக்கும். ரைடர் பதறி திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) மூடினால் டயர் சட்டென்று தரையைப் பிடிக்கும், சாய்ந்த வண்டி ஒரே உதறலில் நிமிர்ந்து ஆளை மேலே தூக்கி எறியும். இதைத்தான் ஹைசைடு என்கிறோம். 1992-ல் ஹோண்டா தன் என்எஸ்ஆர்500 எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் அடுத்தடுத்து நெருக்கமாக வெடிக்கும்படி வரிசையை மாற்றியது. ஒரு சுற்று வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் டயர் மறுபடி பிடித்துக்கொள்ள இடைவெளி கிடைத்தது. ஒரு சென்சார்கூட இல்லாமல் கிடைத்த டிராக்ஷன் கன்ட்ரோல் அது. இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலை.

2002-ல் 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளோடு கிராண்ட் பிரியின் உச்சப் பிரிவு மோட்டோஜிபி என்று ஆனது. அதன்பின் கம்ப்யூட்டரின் கை ஓங்கியது. இப்போது வண்டிக்குள் இருக்கும் ஐஎம்யு என்ற அசைவை அளக்கும் சென்சார், எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறோம், மூக்கு குத்துகிறதா, பின்பக்கம் விலகுகிறதா என்று நொடிக்குப் பலமுறை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றினால் எஞ்சின் பவரைக் குறைக்கிறது. ஹைசைடு குறைந்தது உண்மைதான்.

ஆனால் ரேஸர்கள் அந்த நிம்மதியோடு நிற்கவில்லை. மிச்சப்பட்ட பயத்தையெல்லாம் வேகமாக மாற்றிக்கொண்டார்கள். 2023-ல் இத்தாலியின் முஜெல்லோவில் மோட்டோஜிபி ரைடர் பிராட் பிண்டர் தொட்டது மணிக்கு 366.1 கிலோமீட்டர். வண்டிகளுக்கு இறக்கைகள் முளைத்தன. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கத்தைத் தாழ்த்தி, முன் சக்கரம் தூக்காமல் பார்த்துக்கொள்ளும் ரைடு ஹைட் கருவி வந்தது. வேகம் கூடக் கூட, டிராக்கைச் சுற்றியுள்ள காலியிடம் போதாமல் போனது. தடுப்புச் சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்னால் போகும் வண்டியின் கலங்கிய காற்றிலும் வெப்பத்திலும் மாட்டுகிறவருக்கு முன் டயர் சூடாகி, உள்ளே காற்றழுத்தம் ஏறி, பிடிமானம் குறைகிறது. அதனால் முந்துவதும் சிரமமாகிவிட்டது.

கடைசியில் ரேஸ் உலகமே கடிவாளம் போடுகிறது. மோட்டோஜிபியின் 2027 விதிகளின்படி எஞ்சின் 1000 சிசியிலிருந்து 850 சிசி ஆகிறது, ரைடு ஹைட் கருவிகளுக்கு முழுத் தடை, இறக்கைகளின் அளவும் சுருங்குகிறது. உலகின் மிகத் திறமையான ரைடர்கள் ஓட்டும் இடத்தில் "இது கொஞ்சம் அதிகம்" என்று முடிவெடுக்கும் அதே காலத்தில், நம் ஊரில் 300 சிசி வண்டிக்கு இறக்கை வைத்து விற்கிறார்கள். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஆர்ஆர் 310-இன் இறக்கை வண்டியைத் தரையை நோக்கி அழுத்தும் விசை நிறுவனத்தின் கணக்கிலேயே சுமார் 3 கிலோ. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. பல்லாவரம் சிக்னலில் அதற்கு வேலையில்லை.

எலெக்ட்ரானிக்ஸின் எல்லை எது என்று கேட்பவர்களிடம் மோட்டோஜிபி சாம்பியன் மார்க் மார்க்கெஸைப் பற்றிச் சொல்வேன். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரேஸில் ஹைசைடில் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. சில நாட்களிலேயே மறுபடி ஓட்டப்போக, எலும்பைப் பொருத்த வைத்த பிளேட் சேதமடைந்தது. அந்தக் கைக்கு நான்கு அறுவை சிகிச்சைகள். 2022-ல் இந்தோனேசியாவின் மண்டலிகாவில் இன்னொரு ஹைசைடு. பார்வை இரண்டாகத் தெரியும் கோளாறு திரும்பியது. ஓட்டியது உலகின் தலைசிறந்த ரைடர்களில் ஒருவர், வண்டியில் அன்றைக்கு இருந்த எல்லா எலெக்ட்ரானிக்ஸும் இருந்தது. இருந்தும் நடந்தது.

காரணம் எளிது. கம்ப்யூட்டரால் எஞ்சினை அடக்க முடியும், பிரேக்கைத் தளர்த்த முடியும். தரைக்கும் டயருக்கும் நடுவில் இல்லாத பிடிமானத்தை உண்டாக்க முடியாது. தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு ரப்பர்தான். சாய்வதற்கு அதில் எவ்வளவு செலவழிக்கிறோமோ, பிரேக்குக்கு அவ்வளவு குறையும்.

ஒரு கணக்கு போடுவோம். 50 மீட்டர் ஆரமுள்ள மலைப்பாதை வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க சுமார் 30 டிகிரி சாய்வு போதும். அதே வளைவை 80-ல் எடுத்தால் 45 டிகிரி வேண்டும். இருபது கிலோமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் 45 டிகிரிக்கு நல்ல டயரும் சுத்தமான காய்ந்த தார்ச்சாலையும் இருந்தாலே இழுபறி. அங்கே கொஞ்சம் மணல் கிடந்தால் எந்த மோடும் கைகொடுக்காது. பிரேக்கும் இப்படித்தான். 60-ல் போகும்போது ஆபத்தைப் பார்த்து லீவரைப் பிடிக்க ஒரு நொடி ஆனால் அதற்குள் 17 மீட்டர் போய்விடும். நன்றாகப் பிரேக் அடித்தாலும் நிற்க இன்னும் 20 மீட்டர். 120-ல் அதே கணக்கு மொத்தம் 110 மீட்டரைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு.

டிராக்கில் விழுந்தவர்கள் எழுந்து நடப்பதற்குக் காரணம் வேறு. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லாரி இல்லை, ஓரத்தில் மின்கம்பம் இல்லை. விழுந்தால் உருண்டுபோகக் காலியிடம், கொடியோடு மார்ஷல், பக்கத்தில் ஆம்புலன்ஸ். மோட்டோஜிபியில் 2018 முதல் உடைக்குள் ஏர்பேக் கட்டாயம். ஷோரூமில் நமக்குக் கிடைப்பது வேகம் தரும் பாதி மட்டும். இந்த இன்னொரு பாதி ஈசிஆரில் கிடையாது.

இவ்வளவு சொல்வதால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேண்டாம் என்கிறேனா? ஐயோ, இல்லை. வண்டிக்கு வந்த தொழில்நுட்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் ஏபிஎஸ்ஸைத்தான் வைத்துக்கொள்வேன். 1988-ல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் வந்த சங்கதி, இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமாக 2019 ஏப்ரல் ஆனது. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் பூட்டும். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்வைக் கணக்கில் எடுப்பது கார்னரிங் ஏபிஎஸ். அதற்கும் மேலே சொன்ன உள்ளங்கை ரப்பர்தான் எல்லை. சில வண்டிகளில் சூப்பர்மோட்டோ மோடு பின் ஏபிஎஸ்ஸை அணைத்துவிடும். பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு ரீல்ஸ் எடுக்க அதைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, நான் அடிக்கடி பார்ப்பது. பல வருடம் ஏபிஎஸ் வண்டி ஓட்டியவர்களுக்கு அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்றே தெரிவதில்லை. பயிற்சியில் முதல்முறை லீவர் கைக்குள் துடித்ததும் பயந்து விட்டுவிடுகிறார்கள். "அண்ணா, பிரேக் ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்" என்றான் ஒருவன். "உடையல தம்பி, இப்பதான் வேலை செய்யுது. விடாம புடி" என்றேன். சாலையில் அந்த நொடியில் கையை எடுத்திருந்தால் கதை வேறு. ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில், ஹெல்மெட் உட்பட முழுப் பாதுகாப்பு உடையோடு, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை நிமிர்த்திவைத்து முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி அந்தத் துடிப்பை ஒருமுறை உணர்ந்து பாருங்கள்.

டயர் விஷயத்திலும் ரேஸைத் தப்பாகக் காப்பியடிக்கிறார்கள். டிராக்கில் காற்றைக் குறைக்கிறோம், உண்மை. அங்கே டயர் வார்மர் என்ற சூடேற்றும் உறையைப் போட்டுச் சூடாக்குகிறோம், ஓட ஓட அழுத்தம் இன்னும் ஏறும் என்பதால் குறைக்கிறோம். ஆபீஸுக்குப் போகிற வண்டியில் அந்தச் சூடு வராது. காற்றைக் குறைத்தால் டயர் துவளும், குழியில் ரிம் அடிவாங்கும். வண்டி கையேட்டில் போட்டிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து அடியுங்கள். ரேஸ் ரப்பரும் வேண்டாம். கோத்தகிரியின் காலைக் குளிரில் அது சூடாவதற்குள் இரண்டு வளைவு தாண்டியிருக்கும்.

கடைசியாக ரெயின் மோடு. அதைப் போடுவதை ஏதோ மரியாதைக் குறைவு போலப் பார்க்கிறார்கள். அது திராட்டிலை மென்மையாக்கும், பல வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோலை முன்கூட்டியே தலையிட வைக்கும். மோட்டோஜிபியில் நடுவில் மழை வந்தால் ரைடர்கள் பிட்டுக்குள் வந்து மழை டயர் பூட்டிய இன்னொரு வண்டிக்கே மாறிவிடுகிறார்கள். நமக்கு ஒரு பட்டன் போதும். ஐப்பசி மழையில் மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகளும் சாலையின் வெள்ளைப் பெயிண்ட் கோடுகளும் வழுவழுவென்று ஆகிவிடும். அவற்றின் மேல் சாயாமல், பிரேக் பிடிக்காமல், வண்டியை நிமிர்த்திக் கடந்துவிடுங்கள்.