ஷட்டர் வேகக் கோளாறு: காரணத்தைப் படத்திலேயே தேடுவோம்

ஷட்டர் வேகம் சரியாக வேலை செய்யவில்லை என்று யாராவது கேமராவைக் கொண்டுவந்து நீட்டினால், நான் முதலில் கேட்டு வாங்குவது கேமராவை அல்ல, கெட்டுப்போன படத்தைத்தான். படம் கலங்கியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, ஓரத்தில் கறுத்திருக்கிறதா, குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு கோளாறும் தனக்கே உரிய தடத்தைப் படத்தில் விட்டுச் செல்கிறது. அந்தத் தடத்தைப் படிக்கப் பழகியவர்களுக்கு, பெரும்பாலான நேரங்களில் ஷட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது என்பதும், பிழை நாம் வைத்த அமைப்பிலோ விளக்கின் ஒளியிலோ இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

ஷட்டர் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்முன் கொண்டுவந்துகொண்டால் மற்றவை எளிதாகும். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய கேமராக்கள் பெரும்பாலானவற்றில், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்குச் சற்று முன்னால் மெல்லிய தகடுகளாலான இரண்டு திரைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை விலகிச் சென்சாரை ஒளிக்குத் திறந்துவிடுகிறது. நாம் குறித்த நேரம், அதாவது ஷட்டர் வேகம், கழிந்ததும் இரண்டாம் திரை அதே திசையில் பின்தொடர்ந்து வந்து மூடுகிறது. இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடுவதால், சென்சாரின் ஒவ்வொரு வரிசைக்கும் சமமான நேரம் ஒளி கிடைக்கிறது. பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று இதில் உண்டு: ஷட்டர் வேகத்தை நாம் மாற்றும்போது திரைகள் ஓடும் வேகம் மாறுவதில்லை, முதல் திரை புறப்படுவதற்கும் இரண்டாம் திரை புறப்படுவதற்கும் இடையிலுள்ள அவகாசம் மட்டுமே மாறுகிறது.

ஃபுல் ஃபிரேம் எனப்படும், பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுள்ள சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். அதைக் கடக்கத் திரைக்கு ஏறத்தாழ 4 மில்லிவினாடி, அதாவது 1/250 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/60 வினாடியில் படம் எடுக்கும்போது முதல் திரை முழுவதும் விலகி, சென்சார் சிறிது நேரம் முழுமையாகத் திறந்திருந்து, அதன் பிறகே இரண்டாம் திரை கிளம்புகிறது. 1/4000 வினாடியில் நடப்பது வேறு. முதல் திரை ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்ததுமே இரண்டாம் திரையும் புறப்பட்டுவிடுகிறது. ஆகவே சென்சார் எந்தக் கணத்திலும் முழுமையாகத் திறந்திருப்பதே இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் ஒளிக்கீற்று அதன் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை வருடிச் செல்கிறது, அவ்வளவுதான். அதிவேகத்தில் தோன்றும் விசித்திரங்களில் பெரும்பகுதிக்கு இந்தக் கீற்றே வேர்.

கருவியைச் சந்தேகிக்கும் முன்பு டிஸ்ப்ளேயில் உள்ள எண்ணைச் சரியாகப் படிக்கிறோமா என்று பார்த்துவிட வேண்டும். பல கேமராக்கள் 1/60 என்பதை வெறும் 60 என்றே காட்டுகின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோட்டுக் குறி இருந்தால் அது முழு வினாடி. 4 என்பது கால் வினாடி, இரட்டைக் கோட்டுடன் கூடிய 4 என்பது நான்கு வினாடி. இரண்டுக்கும் பதினாறு மடங்கு வேறுபாடு. படம் வெள்ளை வெளேரென்று வருகிறது என்ற முறையீடு இந்தச் சின்னக் குறியில் முடிந்துபோனதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்து மோட். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் (M) மோடிலும், எஸ் (S) அல்லது டிவி (Tv) என்று குறிக்கப்படும் மோடிலும் மட்டுமே ஷட்டர் வேகம் முழுமையாக நம் கையில் இருக்கும். ஏ (A) அல்லது ஏவி (Av) மோடில் டயலைச் சுழற்றினால் மாறுவது அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு. ஷட்டர் வேகத்தைக் கேமராவே கணக்கிட்டுக்கொள்கிறது. வேகம் ஏற மறுக்கிறது என்பவர்களில் பலர் இந்த மோடில்தான் நிற்கிறார்கள். ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பைத் தாழ்வாக வைத்திருந்தாலும் இதுவே நேரும்: ஐஎஸ்ஓ வரம்பைத் தொட்டதும், குறையும் ஒளியை ஈடுகட்டக் கேமராவுக்கு ஷட்டரைத் தாமதப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. எஸ் மோடில் நாம் கேட்ட வேகத்துக்குப் போதுமான ஒளி இல்லாதபோது, பல கேமராக்கள் அப்பெர்ச்சர் எண்ணை மினுக்கி எச்சரிக்கும். அதைக் கோளாறு என்று எண்ணி அணைத்துப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

கலங்கிய படத்துக்கு வருவோம். மிகுதியாகக் கேட்கப்படும் குறையும் இதுதான், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். படத்தை நூறு விழுக்காடு பெரிதாக்கி, அதிலுள்ள ஒரு சிறு ஒளிப்புள்ளியைப் பாருங்கள். தொலைவிலுள்ள விளக்கோ, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் பளபளப்போ போதும். அந்தப் புள்ளி ஒரு சிறு புழுவைப் போல் நெளிந்து நீண்டிருந்து, படத்தின் எல்லா மூலைகளிலும் உள்ள புள்ளிகள் ஏறக்குறைய அதே நெளிவைக் காட்டினால், அசைந்தது கேமரா. அசையாத பின்னணி கூர்மையாக இருந்து, ஓடும் ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது ஆள். புள்ளி எந்தப் பக்கமும் நீளாமல் வட்டத் தட்டாக விரிந்திருந்தால், அதற்கும் ஷட்டருக்கும் தொடர்பே இல்லை, ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால் இந்த ஒரு சோதனையை நான் எப்போதும் வலியுறுத்துகிறேன்.

கை அசைவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தொலைவு 200 மில்லிமீட்டர் என்றால் வேகம் 1/200 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது அது. ஏபிஎஸ்-சி அளவுள்ள சிறிய சென்சாரில் அதை ஒன்றரையால் பெருக்கி 1/300 என்று கொள்வது பாதுகாப்பு. லென்ஸிலோ சென்சாரிலோ உள்ள ஸ்டெபிலைசேஷன் இந்த எல்லையை வெகுவாகத் தளர்த்துகிறது. ஆனால் அது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும், எதிரே ஓடுபவரை நிறுத்தாது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு குழந்தை, 1/60 வினாடிக்குள் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. 1/1000 வினாடியில் அந்த நகர்வு 5 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. முக்காலியில் வைத்த பிறகும் 1/100 வினாடியை ஒட்டிய வேகங்களில் மட்டும் தொலைவை அருகில் காட்டும் டெலி லென்ஸ் படங்களில் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால், ஷட்டர் தகடுகளின் சொந்த அதிர்வே காரணமாக இருக்கலாம். முதல் திரையின் வேலையைச் சென்சாரே மின்னணு முறையில் செய்துகொள்ளும் வசதி மெனுவில் இருந்தால், அதை இயக்கிவிட்டு மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துப்போவதற்குக் காரணம் மேலே சொன்ன கீற்றுத்தான். ஃபிளாஷின் ஒளி பெரும்பாலும் 1/1000 வினாடிக்கும் குறைவாகவே நீடிக்கிறது. அந்தக் கணத்தில் சென்சார் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். அதற்கு இடமளிக்கும் உச்ச வேகமே சிங்க் வேகம், பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால், திரை மறைத்திருக்கும் பகுதிக்கு ஃபிளாஷ் ஒளி போய்ச் சேராது. கேமராவோடு பேசத் தெரிந்த ஃபிளாஷ் என்றால் கேமராவே வேகத்தை அந்த எல்லையில் கட்டிவைத்துவிடும். ஃபிளாஷை நிமிர்த்தியதும் வேகம் 1/200க்கு மேல் ஏறவில்லை என்ற புகாரின் விளக்கம் இதுவே. ஹை ஸ்பீடு சிங்க் என்ற வசதி, ஒரே வெடிப்புக்குப் பதிலாக விரைந்த துடிப்புகளாக ஒளியைப் பொழிந்து, கீற்று கடந்து முடியும்வரை அதை நீட்டித்துத் தருகிறது. ஆனால் ஒளியின் வலு கணிசமாகக் குறைந்துவிடும்.

கறுப்புப் பட்டை ஒன்றாக இல்லாமல், வெளிச்சமும் மங்கலும் மாறி மாறி அலைபோல் வந்தால், கண்ணை விளக்குகளின் பக்கம் திருப்ப வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல குழல் விளக்குகளும் எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 120 முறை. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1/1000 வினாடி ஷட்டருக்கு நன்றாகத் தெரியும்: அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும், சில வேளைகளில் ஒரே படத்தின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு நிறச் சாயலோடும் வந்து நிற்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் பச்சையாக வெளிப்படுகிறது. அங்கே திரைகள் இல்லை. சென்சாரே வரிசை வரிசையாகத் தன்னைப் படித்துக்கொள்கிறது, அந்த வாசிப்பு முடியப் பல கேமராக்களில் இயந்திரத் திரையை விடக் கூடுதல் நேரமாகிறது.

இந்தப் பட்டைகளை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தமான சோதனை இது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடிக்கும் விளக்கின் கீழ் ஒரு வெள்ளைச் சுவரை எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/2000 வினாடியில் எடுத்து, மேலிருந்து கீழாக எத்தனை வெளிச்சப் பட்டைகள் விழுந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பட்டையும் 10 மில்லிவினாடிக்குச் சமம். ஐந்து பட்டைகள் இருந்தால், உங்கள் சென்சார் ஒரு படத்தைப் படித்து முடிக்க ஏறத்தாழ 50 மில்லிவினாடி, அதாவது 1/20 வினாடி எடுத்துக்கொள்கிறது என்று அறியலாம். டிஸ்ப்ளே 1/2000 என்று காட்டினாலும், படத்தின் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 1/20 வினாடி கடந்துவிடுகிறது. சுழலும் விசிறியின் இறக்கைகள் அரிவாள்போல் வளைவதும், பக்கவாட்டில் விரையும் பேருந்து சாய்ந்துபோவதும் இதனால்தான். இது புதிய நோயும் அல்ல: பிரெஞ்சுக்காரரான லார்டிக் 1910களில் எடுத்த பந்தயக் காரின் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதற்கு, அவருடைய கேமராவின் ஷட்டர் கீற்று மெதுவாகக் கடந்ததே காரணம்.

தீர்வு என்னவென்றால், துடிக்கும் விளக்கின் கீழ் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/120 அல்லது அதற்கு மிக நெருங்கிய 1/125 என்று வைத்துக்கொள்வது. வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் இயந்திர ஷட்டருக்கு மாறி, விளக்கின் துடிப்புக்கு ஏற்ப ஷட்டரை இயக்கும் ஃபிளிக்கர் தடுப்பு வசதியை இயக்குவது. எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும் குளோபல் ஷட்டர் சென்சாருடன் சோனி ஏ9 III 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய சென்சாரில் இந்தச் சாய்வுக்கு இடமில்லை.

ஷட்டர்மீது பழி விழுந்தாலும் உண்மையில் லென்ஸ் செய்யும் குற்றம் ஒன்று உண்டு. அப்பெர்ச்சர் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்காலோ, உள்ளேயுள்ள பழுதாலோ சுருங்காமல் நின்றுவிட்டால், எஃப் 8, எஃப் 11 போன்ற சிறிய துளைகளுக்குக் கணக்கிட்ட படங்கள் அளவுக்கு மீறி வெளுத்துப்போகும். லென்ஸை முழுதும் திறந்து எடுத்த படம் மட்டும் சரியாக இருக்கும். வேறொரு லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்தாலே ஐயம் தீர்ந்துவிடும். ஷட்டர் சிக்கிக்கொண்டது என்று தோன்றும் வேறு சில நிலைமைகளும் பழுதல்ல. 30 வினாடிப் படத்துக்குப் பிறகு கேமரா மேலும் 30 வினாடி எதற்கும் பதில் சொல்லாமல் இருந்தால், நீண்ட ஒளிப்பதிவில் சேரும் இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான பிசிறை, கழிப்பதற்காக அது ஷட்டரை மூடிவைத்து இன்னொரு இருண்ட படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தியும் படம் விழவில்லை என்றால், ஃபோகஸ் கிடைத்த பிறகே இயங்கும்படி வைத்திருக்கிறோமா என்று மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஐயம் தீரவில்லை என்றால் சுவர்ச் சோதனை இருக்கிறது. பகல் நேரத்தில், வெயில் நேராகப் படாத வெளிர்நிறச் சுவர் ஒன்றின் முன் முக்காலியில் கேமராவை நிறுத்துங்கள். விளக்கொளி வேண்டாம், அதன் துடிப்பு சோதனையைக் குழப்பிவிடும். எம் மோட், மேனுவல் ஃபோகஸ், இயந்திர ஷட்டர். அப்பெர்ச்சரை முழுதும் திறந்தே வையுங்கள். அப்போது அதன் தகடுகள் அசையாது, அதன்மேல் ஐயமும் எழாது. 1/125 வினாடியில் ஐஎஸ்ஓ 100, 1/250இல் 200, 1/500இல் 400 என்று இரண்டையும் சேர்த்தே இரட்டித்துக்கொண்டு, 1/4000 வினாடியில் ஐஎஸ்ஓ 3200 வரை ஆறு படங்களைச் சற்று விரைவாக எடுத்துவிடுங்கள். கணக்குப்படி ஆறும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இரைச்சல் மட்டுமே கூடிச் செல்லும். அளவில் சிறு வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டாம், 1/1000க்கு மேல் ஒரு நீள விளிம்பை நோக்கிப் படம் படிப்படியாக இருண்டுகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, கீற்று வழியிலேயே ஒடுங்குகிறது என்று பொருள். ஒரு பகுதி முழுக் கறுப்பாக வந்தால் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிட்டது. அதே ஆறு படங்களை எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும்போது அந்த இருள் மறைந்துவிட்டால், பழுது திரைகளில்தான் என்பது உறுதி.

ஷட்டர் தேயக்கூடிய உறுப்பு. ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் இயக்கங்கள் வரை தாங்கும் என்று மாடலுக்கு ஏற்பத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நிகான் இசட் 9 போல இயந்திர ஷட்டரே இல்லாமல் 2021இல் வந்த கேமராக்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தகடுகளை விரலாலோ, பஞ்சாலோ, அழுத்தமேற்றிய காற்றுக் குப்பியாலோ தொட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மெல்லியவை, ஒருமுறை மடிந்தால் நிமிராது. ஷட்டர் அலகு முழுவதையும் மாற்றுவதுதான் வழக்கம், அது சர்வீஸ் சென்டரின் வேலை. அங்கே போகும்போது அந்தப் பன்னிரண்டு சுவர்ப் படங்களை அழிக்காமல் மெமரி கார்டிலேயே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின் வேகமும் ஐஎஸ்ஓவும் கோப்புக்குள் பதிந்திருக்கும் என்பதால், எந்த வேகத்தில் எந்த விளிம்பில் இருள் தொடங்குகிறது என்பதைப் பழுதுபார்ப்பவர் கேமராவைத் திறப்பதற்கு முன்பே கண்டுகொள்வார்.