சொந்த வீடு இல்லாதவரும் ஆட்சேபிக்கலாம்

மலேசியாவின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயாவின் சாலை, வடிகால், பூங்கா, கட்டட அனுமதி ஆகிய அனைத்தையும் கவனிக்கும் புத்ராஜெயா கழகத்தின் தலைவரை அந்நகரில் குடியிருக்கும் எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. மலேசியாவில் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் இன்றுவரை திரும்பாததால் இக்குறை எல்லா ஊர்களுக்கும் உண்டு. ஆனால் 2001 பிப்ரவரி 1-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமான புத்ராஜெயாவுக்குச் சட்டமன்றத் தொகுதியும் கிடையாது. ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்தான்.

குடியிருப்பவர்களில் பலர் அரசு ஊழியர்கள்; அரசுக் குடியிருப்பில் வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துப் போகிறவர்கள். சம்பளம் தரும் அரசே ஊரையும் நிருவகிக்கும்போது வாய் திறக்கத் தயங்குவது இயல்புதான். ஆனால் "சொந்த வீடு இல்லையே, நான் என்ன கேட்பது?" என்ற தயக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும், ரன்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; ஆட்சேபம் எழுத குறைந்தது 4 வாரம் தரப்பட வேண்டும். எழுதுபவர் நில உரிமையாளராக இருக்கவேண்டியதில்லை. புத்ராஜெயா எழுந்த பிராங் பெசார் முதலிய தோட்டங்களை நினைக்கும்போது இதன் அருமை எனக்குப் புரிகிறது. தலைமுறைகளாக அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெயரில் நிலம் இருந்ததில்லை. நிருவாகத் தலைநகரம் வந்தபோது அவர்கள் டிங்கிலின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

திட்டமிடுநராக நான் பணியாற்றிய வேறோர் ஊரின் வரைவுக் கண்காட்சியில், ஒரு பெரியவர் வண்ண வரைபடத்தின்மேல் விரலை ஓட்டித் தம் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டின் பின்புறத் திடல், வரைபடத்தில் பச்சை நிறத்தை இழந்து வீடமைப்பு நிலமாக மாறியிருந்தது. அவர் நீட்டிய மனுவில் "எங்கள் வட்டாரத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டுமே இருந்தது. அப்படிப்பட்ட மனுவை "குறிப்பெடுத்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதி மூடிவிடுவார்கள். நானே அவ்வாறு பல மனுக்களை மூடியிருக்கிறேன். இம்முறை அவரை உட்காரவைத்து, நிலத்தின் லாட் எண், வரைபடப் பக்கம், திடலில் மாலையில் யார் யார் கூடுகிறார்கள், எந்த நிலப் பயன்பாடு நீடிக்க வேண்டும் என்பவற்றை அவர் கையாலேயே எழுதவைத்தேன்.

நேரில் விளக்க விரும்பினால் அதையும் அந்த மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். பெரியவர் அதைக் கடைசி வரியாகச் சேர்த்துக் கையெழுத்திட்டார்.